தறிக்காரர் ஏறிய வள்ளம்

என் மச்சானுடைய வள்ளத்தின் எஞ்சின் எந்தக் கிழமையில் நிற்கத் தொடங்கியது என்பது கல்முனைக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது மருதமுனையிலிருந்து ஒரு தறிக்காரர் அந்த வள்ளத்தில் வேலைக்குச் சேர்ந்த கிழமை. இரண்டையும் சேர்த்துப் பேசுவதற்கு யாரும் அதிகம் யோசிக்கவில்லை. "தறிக்காரன் ஏறினான், இஞ்சின் படுத்திற்று" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அப்படித்தான் சொன்னார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஆசிரிய நியமனம் வருமென்று காத்திருந்தேன். காத்திருந்த நாட்களில் கடற்கரையிலிருந்த சிறிய மீனவர் சங்கமொன்றுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், கூட்டங்களில் பேசுவதும் என் பொழுதாக இருந்தன. இதைச் செய்தால் யாருக்கு என்ன நேரும், செய்யாவிட்டால் யாருக்கு என்ன நேரும் என்று எடைபோட்டுப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதமாட்டேன். அதனால் என் மனுக்கள் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன என்று சங்கத்தில் ஒரு குறையும் இருந்தது.

மச்சான் என்று நான் சொல்வது என் பெரியம்மாவின் மகளுடைய கணவரை. அந்த மகளை ராத்தா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்து வழமைப்படி வீடு ராத்தாவினுடையது. மச்சான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். வள்ளம் அவருடையது. அதன் பின்பக்கத்தில் பூட்டியிருந்த எஞ்சின் புதியது. அந்தக் கரையில் அப்போது புது எஞ்சின்கள் மிகச் சிலவே இருந்தபடியால், அதை வாங்கிய நாளில் பார்க்க வந்தவர்களின் கூட்டம் ஒரு கலியாண வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது.

தறிக்காரர் நாற்பதை நெருங்கியவர். வெளிநாட்டுத் துணிகள் மலிவாக வந்து கடைகளை நிறைத்த பிறகு அவருடைய வீட்டுத் தறி சும்மா நின்றது. இடுப்பில் உடுத்தும் சாரன் நெய்து பழகிய கையோடு அவர் வலை இழுக்க வந்தார். மச்சான் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார். வள்ளத்தில் மூத்தவருக்கு அந்த இரக்கம் பிடிக்கவில்லை. அறுபதை எட்டிய அவரை மச்சான் உட்பட எல்லோரும் மாமா என்று கூப்பிடுவார்கள்.

எஞ்சினின் குணமோ விசித்திரமாக இருந்தது. கரையில் கயிற்றை இழுத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் இருமி இருமி நின்றுவிடும். அதன்பின் எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. பிளக்கைக் கழற்றித் துடைப்பார்கள். பெற்றோல் இருக்கிறதா என்று தாங்கியைத் திறந்து பார்ப்பார்கள். குழாயை வாயால் ஊதுவார்கள். தறிக்காரரைப் பின்னாலிருந்து முன்னால் போய் இருக்கச் சொல்வார்கள். பிஸ்மி சொல்லி மறுபடி இழுத்தால் பிடிக்கும். சற்று நேரத்தில் மறுபடி நிற்கும். பிளக்கைத் துடைத்தவர் பிளக் என்பார். குழாயை ஊதியவர் தூசு என்பார். மாமா மட்டும் எதுவும் சொல்லாமல் தறிக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

பயம் வெறும் பேச்சுக்கானதல்ல. எங்கள் கரையில் துறைமுகம் இல்லை. திறந்த கடற்கரையிலிருந்து அலையை வெட்டிக்கொண்டுதான் வள்ளம் இறங்கவேண்டும், அப்படித்தான் ஏறவும் வேண்டும். அலைகளுக்கு நடுவே எஞ்சின் நின்றால் வள்ளம் குறுக்காகத் திரும்பும். அடுத்த அலை அதைக் கவிழ்க்கும். ஆகவே காரணம் தேடியவர்களை நான் மூடர் என்று நினைத்ததில்லை. உயிர் அந்த எஞ்சினில் தொங்கும்போது ஏதாவதொரு காரணம் கையில் இருப்பது ஆறுதல்தான். அந்தக் காரணத்துக்கு ஒரு வீடும் பிள்ளைகளும் இருந்தபோதுதான் எனக்கு உறுத்தியது.

பஜாரிலிருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். அவர் எஞ்சினைத் தன் சொந்தப் பெற்றோல் தாங்கியோடு பூட்டி ஓட்டிப் பார்த்தார். அது அழகாக ஓடியது. "இதுல ஒரு குறையுமில்ல, உங்கட கடல்லதான் குறை" என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பின்னர் ஒருநாள் தறிக்காரரின் மகளுக்குக் காய்ச்சல் கண்டதால் அவர் வேலைக்கு வரவில்லை. அன்று ஒலுவில் பக்கம் தூரப் போவதென்று முடிவாகி, பக்கத்து வள்ளத்தின் பெரிய சிவப்புத் தாங்கியை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். எஞ்சின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மறுநாள் வியாழக்கிழமை. வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் நின்றபோது மாமா தொண்டையைச் செருமினார்.

"கண்டீங்களா மருமகன்? நான் சென்னன்தானே. அந்தாள் இல்லாத நாள் இஞ்சின் பந்தயக் குதிர மாதிரிப் பாயுது."

"காய்ச்சல் புள்ளைய மடியில வெச்சிக்கிட்டு இரிக்கிற மனிசன் மாமா அவர். விடுங்க" என்றார் மச்சான்.

"நான் பொல்லாப்புச் செல்லல்ல. நல்ல மனிசன், தொழுகிற ஆள். ஆனா கடலுக்கு ராசி வேணும். தறிக்குழியில காலப் போட்டிருந்த ஆளுக்குக் கடல் என்னத்துக்கு?"

அங்கே நின்ற இன்னொருவர் என்னைப் பார்த்தார். "பீஏக்காரர் நிக்கிறார்தானே, கேளுங்க. இஞ்சின் வந்த தேசத்து இங்கிலீசு அவருக்குத் தெரியும். ரெண்டு வார்த்த கதைச்சா ஓடினாலும் ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. மணலைக் காலால் கிளறியபடி, "சனிக்கிழமை வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள சரிவராட்டி நானே அவருக்குச் செல்றன். ஒருத்தரும் முந்திக்கொள்ளாதீங்க" என்றார்.

அந்த வார்த்தையின் விளைவை நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எண்ணிப் பார்த்தேன். ஒரு வள்ளத்திலிருந்து ராசியில்லாதவன் என்று இறக்கப்பட்டவரை இன்னொரு வள்ளம் ஏற்றாது. கரை நீளமானது, ஆனால் பேச்சு அதைவிட வேகமாக நடக்கும். தறிக்குத் திரும்ப நூல் இல்லை. மாவடிப்பள்ளிப் பக்கம் வயலில் கூலி வேலையென்றால் அறுவடைக்கு இன்னும் காலமிருந்தது. சனிக்கிழமை காலையில் அவருக்குப் போவதற்கு வேறெந்த இடமும் இராது.

வெள்ளிக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்ட பின், மச்சானிடம் கேட்டு எஞ்சினை ராத்தாவின் வீட்டு வளவுக்குக் கொண்டுவரச் செய்தேன். வெட்டிய பீப்பாயொன்றில் தண்ணீர் நிரப்பி, குறுக்கே பலகை வைத்து எஞ்சினைப் பூட்டினோம். தறிக்காரரையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் பின்னால் கூடவே நின்றால் எஞ்சின் என்ன செய்கிறதென்று பார்ப்பது முதல் நோக்கம். தன்மேல் விழுந்த பழியை ஆராயும் இடத்தில் அவரும் நிற்கவேண்டும் என்பது அடுத்தது.

எஞ்சினோடு வந்த புத்தகத்தில் படித்திருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா? இல்லை. ஓயில் அளவாகக் கலந்ததா? ஓம். தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகும் வழி அது. "எப்பவும் திறந்துதான் இரிக்கி" என்றார் மச்சான். உண்மையாகவே திருகு தளர்ந்துதான் இருந்தது.

அந்த மூடியின் மேல் கறுப்பு நூலால் சுற்றிய சிறு பொதி ஒன்று இருந்தது. ஓதி எழுதிய கடுதாசி. நாங்கள் இசிம் என்போம். புது எஞ்சினுக்குக் கண்ணூறு படக்கூடாதென்று ராத்தா ஓதிப்பார்க்கும் லெப்பை ஒருவரிடம் எழுதுவித்துக் கட்டியது. காலில் மிதிபடாத, நனையாத இடத்தில் கட்டவேண்டுமென்று அவர் சொல்லியிருந்தார். வள்ளத்தில் அப்படியான இடம் தாங்கியின் தலை ஒன்றுதான். கை, முகம், கால் கழுவி ஒழு செய்யாமல் இசிமைத் தொடக்கூடாது என்பதால், மூடியைத் திறப்பவர்கள் எல்லோரும் அதன் விளிம்பை மட்டும் விரல் நுனியால் பிடித்துத் திருகுவார்கள். நானும் அப்படித்தான் திருகினேன். மரியாதை எங்கள் கைகளை அந்த இடத்திலிருந்து விலக்கி வைத்திருந்தது. கண்களையும்தான்.

எஞ்சின் பிடித்தது. வளவிலிருந்த கோழிகள் வேலிக்கு ஓடின. கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, இருமி, நின்றது. மச்சானின் முகம் விழுந்துவிட்டது. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லவே அவர் பள்ளிவாசலுக்குப் போனார். தறிக்காரரும் நானும் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றோம். அவர் குனிந்து, தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைப் பார்த்தார். அதன் நடுவே, பெற்றோலை அமுக்கி ஏற்றுவதற்கான றப்பர்ப் பந்து ஒன்று உண்டு.

"தம்பி, இந்தப் பந்தப் பாருங்க. நோன்பு திறக்க வெச்ச பேரீச்சம்பழம் மாதிரிச் சூம்பிக் கிடக்கு."

நான் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று தாங்கி காற்றை உள்ளே இழுத்தது. பந்து மெல்ல மெல்லப் பருத்தது. கயிற்றை இழுத்தேன், பிடித்தது. மூடியைப் பூட்டி ஓடவிட்டோம். மறுபடி பந்து சூம்பியது, எஞ்சின் நின்றது. இன்னொரு முறை செய்து பார்த்தோம். மாறவில்லை.

"காக்கா, நீங்க வராத அண்டைக்கி வேற என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். மூத்த ஆண்களை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"நான் வரல்லையே தம்பி. வராதவனுக்கு என்ன தெரியும்?"

இருவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்குமுன்னே, கரையில் நாலு பேர் தோளில் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போன சிவப்புத் தாங்கி எனக்கு நினைவில் வந்தது. மெக்கானிக்கின் சொந்தத் தாங்கியும் வந்தது. ஆள் இல்லாததை எல்லோரும் கண்டார்கள். தாங்கி மாறியதை யாரும் காணவில்லை.

குனிந்து பார்த்தேன். கடல் தண்ணீர் இசிமில் படாதிருக்க யாரோ மெழுகுதிரியை உருக்கிப் பொதியின்மேல் தாராளமாக ஊற்றியிருந்தார்கள்; ராத்தாவாகத்தான் இருக்கவேண்டும். மெழுகு வழிந்து திருகின் அடியிலிருந்த காற்று வழியை மூடி இறுகியிருந்தது. திருகு திறந்திருந்தும் தாங்கிக்கு மூச்சில்லை. பெற்றோல் பார்க்க மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மூச்சு கிடைத்திருக்கிறது; அந்த ஒரு மூச்சின் பெருமையை பிளக்கும் குழாயும் மாறி மாறி வாங்கிக்கொண்டன.

தறிக்காரரும் அதைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் மகிழ்ச்சியை எதிர்பார்த்தேன். அவர் பின்வாங்கி நின்றார்.

"தம்பி, இத நீங்களும் காணல்ல, நானும் காணல்ல."

"ஏன் காக்கா? உங்கட பேர்ல இரிந்த பழி போச்சே!"

"எங்க போகும்? இப்ப என்ன ராசியில்லாதவன் எண்டு மட்டும்தான் செல்றாங்க. தறிக்காரன் வந்து இசிமக் குத்தம் செல்றான் எண்டு ஆனா, ஈமான் இல்லாதவன் எண்டும் செல்லுவாங்க. ஒண்டு போதும் எனக்கு."

நான் ஊசியொன்றால் மெழுகில் துளையிட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். எஞ்சின் ஓடும், அவர் வேலையும் தப்பும். ஆனால் காரணம் சொல்லாமல் நீங்கிய ராசிக்கேடு, காரணம் சொல்லாமலே திரும்பி வரலாம். அடுத்த முறை ஒரு பிளக் ஈரமானாலும் எல்லோர் கண்ணும் அவருடைய முதுகுக்கே போகும். மறைத்துச் செய்த திருத்தம் எஞ்சினைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது.

வெளிப்படையாகச் சொல்வதிலும் சிக்கல் இருந்தது. மத்திய கிழக்கில் வேலைசெய்து திரும்பிய இளைஞர் சிலர் இசிமையும் நூலையும் எதிர்த்துத் தேநீர்க் கடைகளில் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம். அந்த வளவில் நின்றபடியே ஒரு நல்ல பிரசங்கத்தை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தப் பிரசங்கத்தின் பாரம் யார்மேல் விழும்? கணவன் உயிரோடு திரும்பவேண்டுமென்று மெழுகு ஊற்றிய ஒரு பெண்ணின் கையில். பிறகு, வேறொருவர் வீட்டு நம்பிக்கையைக் குலைத்தவராக, மறுபடி தறிக்காரரின் தலையில். ஊரின் வாதத்தில் வெல்ல இன்னொரு நாள் கிடைக்கும். சனிக்கிழமை மறுநாளே இருந்தது.

நான் குசினிக்குப் போனேன். ராத்தா அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு டின்பால் தகரம் ஒன்றைத் திறக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"என்ன பீஏ, சத்தம் நிண்டு போச்சு? தேத்தண்ணி குடிச்சாத்தான் ஒன்ட இங்கிலீசு வேல செய்யுமா?"

"ராத்தா, அந்த டின்னுக்கு ஏன் ரெண்டு ஓட்டை போடுறீங்க?"

"இதுவும் ஒரு கேள்வியா? ஒண்டு போட்டாப் பால் இறங்காது. காத்துப் போகணும்."

"இஞ்சின்ட தாங்கிக்கும் அப்பிடித்தான். அதுக்கு மூடியில ஒரு ஓட்டை இரிக்கி."

அவள் கத்தியைப் பிடித்தபடியே நின்றாள். நான் மேலே எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கேத்தல் கொதித்தது, அதை இறக்கக்கூட அவள் திரும்பவில்லை.

"மெழுகா?" என்றாள்.

"ஓம்."

"இசிமையா நீ குத்தம் செல்றா?"

"இல்ல ராத்தா. மெழுகத்தான்."

"ஒன்ட மச்சானுக்குத் தெரியுமா?"

"இன்னம் இல்ல. தறிக்காரக் காக்காவுக்குத் தெரியும். வெளியில கதைக்க வேணாமெண்டு கேக்கார்."

"ஏன்? எனக்காகவா?"

"உங்களுக்காகவும். தனக்காகவும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு கேத்தலை இறக்கி வைத்தாள். "நாளைக்கி அவர இறக்கப் போறதா என்ட மனிசன் ராவு சென்னார். நானும் ‘ஓம், நீங்க உசிரோட வந்தாப் போதும்’ எண்டுதான் சென்னன்" என்றாள். அது எனக்குச் சொன்னதுபோல் இருக்கவில்லை.

மச்சானும் மாமாவும் பள்ளிவாசலிலிருந்து ஒன்றாக வந்தார்கள். அதற்குள் ராத்தா கிணற்றடியில் ஒழு செய்து, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வளவுக்கு வந்துவிட்டாள். எல்லோரும் பார்த்திருக்க பிஸ்மி சொல்லி நூலை அவிழ்த்தாள். மெழுகு ஒரு முழு வில்லையாக மூடியிலிருந்து பெயர்ந்து வந்தது. அதைக் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது நான் ஊத்தின மெழுகு. காத்துப் போற வழிய அடச்சிருக்கன். இசிமுல ஒரு குத்தமுமில்ல, குத்தம் என்ட கையில. கேக்குதா மாமா?"

மாமா வானத்தைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார். "அப்ப... தறிக்காரன் ஏறின அண்டைக்கி இரிந்து...?"

"அவர் ஏறின கிழமதான் நானும் மெழுகு ஊத்தின. நாள் ஒண்டாப் போனதுக்கு அவர் என்ன செய்வார்?"

"அவர் வராத நாள் ஓடிச்சே மகள்."

இதற்கு நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குமுன் மச்சான் மெழுகைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கித் தாங்கி வேற மாமா. சிவப்புத் தாங்கி. நான்தான் இரவல் வாங்கின."

மூடியைப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டோம். தேநீர் குடித்து, கோப்பைகள் ஆறி, பீப்பாய்த் தண்ணீர் பாதியாகத் தெறித்துப் போனபின்பும் அது ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது அப்படி வருவதில்லை. மாமா போகுமுன் தறிக்காரரின் பக்கம் திரும்பினார்.

"எண்டாலும் நீங்க வலையில போடுற முடிச்சு சரியில்ல. கடல் முடிச்சு இல்ல அது."

"தறி முடிச்சு மாமா. அவுளாது."

"அதத்தான் செல்றன். அவுக்க ஏலாம என்ட நகம் போச்சு."

தறிக்காரர் வந்த நாளிலிருந்து அன்றுதான் மாமா அவரிடம் நேராகப் பேசியது என்று மச்சான் பிறகு சொன்னார்.

இசிமை ராத்தா ஒரு பித்தளைக் கூட்டில் போட்டு, வள்ளத்தின் முன்பக்கத்து அணியப் பலகையின் அடியில், ஈரம் ஏறாத இடத்தில் கட்டுவித்தாள். கதை எப்படியும் வெளியே வரும் என்று நான் அஞ்சியிருந்தேன், வந்தது. ஆனால் அதை முதலில் சொன்னவள் அவளே. அயல் பெண்களிடம், "இஞ்சினுக்கு நான்தான் மூச்சடைக்க வெச்சன்" என்று சிரித்துச் சொல்லிவிட்டாள். தானே சொன்னவளை அதைக்கொண்டு குத்துவது பிறருக்குக் கடினமாக இருந்தது. தேநீர்க் கடை வாதங்களில் அது ஓரிரு நாள் உதாரணமாகி, பிறகு வேறு உதாரணம் வந்தது.

சனிக்கிழமை தறிக்காரர் வள்ளத்தில் ஏறினார். எஞ்சின் நிற்கவில்லை. ஆனால் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததால் ஒரு மனிதர் முழுதாக விடுபட்டுவிடுகிறாரா என்ற சந்தேகம் எனக்குப் பல நாள் இருந்தது.

வாடைக்காற்றுத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், கடல் கலங்கியிருந்த ஒரு காலையில், சங்கத்து வேலையாகக் கரையில் நின்றேன். மற்றவர்கள் வள்ளத்தை இறக்கி, இடுப்பளவு தண்ணீரில் பிடித்துக்கொண்டு நிற்க, தறிக்காரர் கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். பிடிக்கவில்லை. பெரிய அலை ஒன்று எழுந்து வந்துகொண்டிருந்தது. வள்ளத்தைப் பிடித்திருந்தவர்களில் இரண்டு பேர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்ததை நான் கண்டேன். அவரும் கண்டார், கயிறு அவர் கையில் அப்படியே நின்றது.

"ஆள ஏன்டா பாக்குறீங்க?" என்று மாமா அணியத்திலிருந்து கத்தினார். "முதல்ல மூடியப் பாருங்கடா!"

ஒருவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கைகாட்டினார். அதில் குறையில்லை. பிளக் நனைந்திருந்தது. தறிக்காரர் அதைக் கழற்றி, தான் நெய்த சாரனின் தலைப்பில் துடைத்துப் பூட்டி இழுத்தார். எஞ்சின் வெடித்துப் பிடித்தது. வள்ளம் அலையின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி மறைந்து, மறுபடி தெரிந்தது. அவர் பின்பக்கத்தில், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருந்தார். முன்னால் போகும்படி யாரும் சொல்லவில்லை.